படைப்பாற்றல் கல்வியும் நடுநிலை வகுப்பின் தமிழ் வாசிப்பும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டின் நடுநிலை வகுப்புகளில் (6, 7, 8) 2007-08 கல்வியாண்டையொட்டி நடைமுறைக்கு வந்த படைப்பாற்றல் கல்விமுறை, தமிழ்ப் பாடத்தின் வாசிப்பைப் பல படிகளைக் கொண்ட செயல்பாடுகளாக மாற்றி அமைத்தது. அப்படிகள் யாவும் வாசிக்கத் தெரிந்த மாணவரை எண்ணியே அமைந்தவை. வாசிக்கத் தடுமாறும் மாணவரைக் குழுச்செயல்பாடு மறைத்துவிடுகிறது என்பதும், மனவரைபடம் போன்ற பொதுவான உத்திகள் தமிழ்த் தொடரமைப்பிற்கு ஏற்ப மாற்றப்படாமலேயே கையாளப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, வகுப்பறையில் செய்யத்தக்க மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நடுநிலை வகுப்பு, படைப்பாற்றல் கல்வி, மனவரைபடம், வாசிப்பு, இரட்டை வழக்கு, மதுரை வட்டார வழக்கு.

முன்னுரை

ஐந்தாம் வகுப்பு வரை மாணவர் வாசிக்கக் கற்கின்றனர். ஆறாம் வகுப்பு முதல் வாசித்துக் கற்கின்றனர். பாடத்திட்டங்கள் அனைத்தும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுள்ள பிரிவினை இது. ஆறாம் வகுப்பின் அறிவியல், சமூக அறிவியல் நூல்களைத் தாமே வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் அமைந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் அந்நூல்கள் எழுதப்படுகின்றன. அத்திறன் அமையாத மாணவருக்குத் தமிழ்ப் பாடத்தோடு மற்றப் பாடங்களும் கைநழுவுகின்றன. எனவே நடுநிலை வகுப்பின் தமிழாசிரியர் கையிலிருப்பது ஒரு பாடத்தின் மதிப்பெண் மட்டுமன்று.

மதுரைச் சூழல் இதனை இன்னும் சிக்கலாக்குகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், தி. கல்லுப்பட்டி வட்டாரங்களில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு வரை பயில்வோர் உண்டு. சுற்றிலுமுள்ள தொடக்கப்பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்பிற்கென உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வருவோரும் உண்டு. பின்னவர் வகுப்பில் பல பள்ளிகளின் பயிற்சி ஓரறையில் கலக்கிறது. நகருக்குள் சௌராட்டிரம், தெலுங்கு, உருது பேசும் வீடுகளின் பிள்ளைகளும் தமிழ்வழி வகுப்பில் அமர்கின்றனர். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகர் என்னும் பெருமையும், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கமும், 1904இல் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் பாரதியார் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார் என்னும் செய்தியும் மதுரையின் கல்வி வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்கூறப்படுவன. அப்பெருமைக்கும் ஆறாம் வகுப்பின் கடைசி இருக்கையில் எழுத்துக்கூட்டி நிற்கும் மாணவருக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றிய எழுத்து ஒப்பீட்டளவில் குறைவே.

படைப்பாற்றல் கல்வியின் அமைப்பு

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னெடுப்பில், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைவழிக் கற்றலை முன்மாதிரியாகக் கொண்டு செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. தொடக்க வகுப்பில் அட்டைகளோடு தரையில் அமர்ந்து கற்ற மாணவர் ஆறாம் வகுப்பில் மீண்டும் விரிவுரை கேட்டு அமர்வது பொருந்தாது என்ற எண்ணத்தில் நடுநிலை வகுப்புகளுக்கென அமைக்கப்பட்டதே படைப்பாற்றல் கல்வி. ஆசிரியர்கள் இதனை ஏ.எல்.எம். என்றே வழங்கினர்.

அதன் படிகளாவன: அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல். ஆசிரியர் பாடத்தைச் சுருக்கமாக அறிமுகம் செய்வார். மாணவர் தனியாகப் படித்துப் புதிய சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் அறிவர். பின்பு ஒவ்வொருவரும் மனவரைபடம் வரைந்து, குழுவில் அதனை ஒப்பிட்டுத் தொகுத்து, வகுப்பின்முன் வழங்குவர். ஆசிரியர் விடுபட்டவற்றை எடுத்துரைத்து வலுவூட்டுவார்.

2012-13 முதல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. செயல்பாடு என்பது அப்போதுதான் பதிவேட்டில் ஏறும் பொருளாயிற்று. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வெளிவந்த புதிய தமிழ்ப் பாடநூல்கள் 'கற்பவை கற்றபின்', 'மொழியோடு விளையாடு', 'நிற்க அதற்குத் தக' என்னும் தலைப்புகளில் செயல்பாடுகளை ஒவ்வோர் இயலுக்குள்ளும் வைத்தன. படைப்பாற்றல் கல்வி என்னும் பெயர் இன்று அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. ஆயினும் குழு, மனவரைபடம், வழங்குதல் என்னும் வரிசை பாடக்குறிப்பேட்டிலும் பயிற்சிகளிலும் நிலைத்துவிட்டது. ஆகவே அதனை இறந்துபோன திட்டமாகக் கருதி ஒதுக்க இயலாது.

படித்தல் என்னும் இரண்டாம் படி

எட்டுப் படிகளில் படித்தல் ஒன்றே எவ்விதப் பகுப்புமின்றி ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. மாணவர் படிப்பார் என எடுத்துக்கொண்டு மனவரைபடத்திற்கு நகர்கிறது இம்முறை. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

கஃப், டன்மர் ஆகிய இருவரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிக் கிடைப்பதே வாசித்துப் புரிதல். கூட்டலாயின் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பெருக்கலில் ஒன்று சுழியமாயின் விடையும் சுழியம். கதையை ஆசிரியர் சொல்லக் கேட்டு நுட்பமாக விடைகூறும் மாணவர், அதே கதையை நூலில் கண்டதும் ஊமையாவது இதனால்தான். அம்மாணவரின் மொழியறிவு குறைவுடையதன்று; எழுத்து அவருக்கு வழிவிடவில்லை.

இத்தகையவர் குழுவில் எவ்வாறு தப்பிக்கிறார் என்பது வகுப்பறையை அறிந்த எவருக்கும் தெரிந்ததே. ஆறு பேர் கொண்ட குழுவில் வாசிக்க வல்லவர் ஒருவர் படிப்பார். மற்றொருவர் அழகாக எழுதுவார். தடுமாறுபவருக்கு வண்ணம் தீட்டும் பணியோ, தாளைப் பிடித்து நிற்கும் பணியோ அமையும். வழங்கும்போது அவரும் மனப்பாடமாக ஒரு வரி கூறுவார். குழுவுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். அம்மதிப்பெண் அவருடைய பெயருக்கு நேரேயும் ஏறும். விரிவுரை வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வெளிப்பட்டிருக்கும் குறை, செயல்பாட்டு வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் மறைந்திருக்கக்கூடும். இதனால் செயல்பாட்டை விட்டு விரிவுரைக்குத் திரும்ப வேண்டும் என்பது பொருளன்று. எழுந்து நின்று வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்திய பழைய வகுப்பறைக்கு ஏங்குவதில் பயனில்லை. குழுப்பணிக்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு பத்தியையேனும் ஒருவர் காதில் விழ வாசித்திருக்க வேண்டும் என்னும் ஓர் ஏற்பாடு போதும்.

அவ்வேற்பாடு இணை வாசிப்பு. இருவர் அருகமர்ந்து ஒரே பத்தியை மாறி மாறி மூன்றுமுறை வாசிப்பர். முதன்முறை வல்லவர் வாசிக்க மற்றவர் விரலோட்டிப் பின்தொடர்வார். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து. மூன்றாம் முறை தடுமாறுபவர் தனியே. 1979இல் சாமுவேல்சு விளக்கிய மீள்வாசிப்பு உத்தியின் எளிய வடிவம் இது. பத்தி எழுபது எண்பது சொற்களுக்கு மிகாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். ஆசிரியர் ஒரு நாளில் நான்கு இணைகளின் அருகில் அமர்ந்து கேட்க இயலும். நாற்பது பேர் கொண்ட வகுப்பையும் ஒரு வாரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

நீண்ட சொல்லும் பகுபதமும்

தமிழ் எழுத்து பெரிதும் ஒலிப்பை ஒட்டியது. ஆங்கிலம்போல எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பிளவு இல்லை. ஆயினும் உயிர்மெய் வரிசை முழுவதும் அறிந்த மாணவர்கூட நடுநிலை வகுப்பில் தடுமாறுவதற்குக் காரணம் எழுத்தன்று, சொல்லின் நீளமே. 'பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது இலக்கணப்படி வழுவற்ற சொல். எழுத்தெழுத்தாகக் கூட்டிச் செல்பவர் இதன் நடுப்பகுதிக்கு வருவதற்குள் முற்பகுதியை மறந்திருப்பார். வல்ல வாசகர் இதனை எழுத்துகளாகப் பார்ப்பதில்லை. 'பயன்படுத்தி', 'கொண்டிருந்த', 'அவர்களுக்கு', 'எல்லாம்' எனத் துண்டுகளாகப் பார்க்கிறார்.

ஏழாம் வகுப்பில் பகுபதம் பாடமாகவே உள்ளது. அது இலக்கண வினாவுக்கான விடையாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. அதே பகுப்பறிவை வாசிப்புக்குத் திருப்பலாம். உரைநடைப் பாடத்திலிருந்து பத்து நீண்ட சொற்களைத் தாளில் எழுதி, பென்சிலால் பிரிகோடு இடச் செய்து, துண்டு துண்டாகவும் பின் சேர்த்தும் வாசிக்கச் செய்வது ஒரு செயல்பாடு. மறுநாள் துண்டுகளைத் தனி அட்டைகளாக வெட்டி, ஒரே பகுதிக்குப் பல ஈறுகளைச் சேர்த்துப் புதிய சொல் ஆக்கச் செய்யலாம். பகுதி, விகுதி, இடைநிலை என்னும் பெயர்கள் பின்னர் வந்து சேரட்டும். இலக்கணத்தைப் பெயரில் தொடங்கிப் பயனில் முடிக்கும் வழக்கத்தை இங்கேனும் மாற்றலாம்.

மனவரைபடமும் இடைச்சொல்லும்

மனவரைபடம் 1970களில் டோனி பூசான் என்னும் ஆங்கிலேயரால் பரவலாக்கப்பட்டது. நடுவில் மையச் சொல், சுற்றிலும் கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு முதன்மைச் சொல் என்பது அதன் விதி. ஆங்கிலத்தில் தொடர்களுக்கிடையிலான உறவு பெரும்பாலும் தனிச்சொற்களால் உணர்த்தப்படும். தமிழில் அவ்வுறவு சொல்லின் ஈற்றிலேயே ஒட்டிக்கிடக்கிறது. முதன்மைச் சொல்லை மட்டும் பிரித்தெடுக்கும்போது அவ்வொட்டு உதிர்ந்துவிடுகிறது.

இதனைச் சிறு பத்தி ஒன்றால் விளக்கலாம்: 'பெரியாற்று நீர் வந்தபின் மேலூர்ப் பக்கம் நெல் செழித்தது. உசிலம்பட்டிப் பக்கம் அந்நீர் எட்டாததால் உழவர் மானாவாரியையே நம்பியிருந்தனர். கண்மாய்கள் இருந்தும் மழை பொய்த்த ஆண்டுகளில் அவை வறண்டே கிடந்தன.' இதற்கு வகுப்பில் வரையப்படும் மனவரைபடத்தில் பெரியாறு, மேலூர், நெல், உசிலம்பட்டி, மானாவாரி, கண்மாய், மழை என ஏழு சொற்கள் அமையும். படமும் நிறைவாகத் தோன்றும். ஆனால் பத்தியின் பொருள் அச்சொற்களில் இல்லை. 'வந்தபின்' என்பதன் காலமுறை, 'எட்டாததால்' என்பதன் காரணம், 'இருந்தும்' என்பதன் முரண், 'மானாவாரியையே' என்பதன் பிரிநிலை ஏகாரம் ஆகிய நான்கில்தான் ஆசிரியர் சொல்ல வந்தது இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து எழுதும் மாணவர், உசிலம்பட்டியிலும் பெரியாற்று நீரால் நெல் விளைந்தது என எழுதினால் அவரைக் குறைகூற முடியாது. படம் அதனைத் தடுக்கவில்லை.

மரபிலக்கணம் இடைச்சொல்லைத் தனித்து இயங்காதது என்றே கூறும். ஆனால் பெயரையும் வினையையும் பொருளோடு பிணைப்பது அதுவே. இடைச்சொல்லையும் ஈற்றையும் விட்டுப் பெயரை மட்டும் பொறுக்கும் வாசிப்பு தமிழில் பாதி வாசிப்பாகவே முடியும்.

இதற்குத் தீர்வு மனவரைபடத்தைக் கைவிடுவதன்று, கோடுகளின்மேல் எழுதுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நோவாக் உருவாக்கிய கருத்துவரைபடத்தில் இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேல் உறவுச்சொல் எழுதப்பட வேண்டும் என்பது விதி. அதனைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டு, கோட்டின்மேல் 'ஆல்', 'பின்', 'உம்', 'ஏ', 'ஆயின்' என ஈறுகளை எழுதச் செய்யலாம். பெரியாற்று நீருக்கும் உசிலம்பட்டிக்கும் இடையிலான கோட்டில் 'எட்டாததால்' என எழுதியபின் மேற்கண்ட பிழை நேராது. படம் சிறிது அழகு குறைந்து தோன்றும், அதனால் இழப்பில்லை.

இதே கருத்தை ஒட்டிய இன்னொரு செயல்பாடு இடைவெளி நிரப்புதல். 1953இல் டெய்லர் வகுத்த நிரப்புமுறை இன்று உலகெங்கும் வாசிப்புத் திறனறியப் பயன்படுகிறது. நம் தேர்வுகளின் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பெரும்பாலும் பெயர்ச்சொல்லையே கேட்கிறது. அது நினைவைச் சோதிக்கிறதேயன்றி வாசிப்பைச் சோதிப்பதில்லை. பெயர்களை அப்படியே விட்டு, ஈறுகளை மட்டும் நீக்கிய பத்தியைக் கொடுத்தால் முன்னும் பின்னும் வாசிக்காமல் நிரப்ப இயலாது. 'கண்மாய்கள் இருந்…' என்பதை 'இருந்ததால்' என நிரப்புவதா 'இருந்தும்' என நிரப்புவதா என்று முடிவுசெய்யத் தொடரின் இறுதி வரை செல்லவேண்டும். எட்டாம் வகுப்பில் வேற்றுமையும் எச்சமும் பாடமாக வருவதால், அதற்கு முன்னரே இச்செயல்பாடு அவற்றுக்குக் களம் அமைத்துவிடும்.

வீட்டுப் பேச்சும் நூலின் தமிழும்

1959இல் பெர்குசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வகுத்தார். தமிழ் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. வீட்டில் ஒருவரும் பேசாத வடிவத்தில்தான் மாணவர் வாசிக்கக் கற்கிறார். ஏழாம் வகுப்புத் தமிழ்நூல் 'பேச்சுமொழியும் எழுத்துமொழியும்' என்றொரு உரைநடையை முதலிலேயே வைத்துள்ளது பாராட்டத்தக்கது. எனினும் அது வாசித்து அறியும் செய்தியாக நிற்கிறது. மாணவரின் சொந்தப் பேச்சு அங்கே ஆய்வுப்பொருளாகவில்லை.

மதுரைப் பகுதியின் பேச்சில் 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'இம்புட்டு', 'பைய', 'வெஞ்சனம்' போன்ற சொற்கள் இயல்பாக வழங்குகின்றன. கட்டுரையேட்டில் இவை சிவப்பு மையால் அடிக்கப்படுவதே வழக்கம். 'பைய' என்பது திருக்குறளில் ஆட்சி பெற்ற சொல். 'வெஞ்சனம்' என்பது 'வியஞ்சனம்' என்னும் வடசொல்லின் மருவிய வடிவம்; தொட்டுக்கொள்ளும் கறியைக் குறிக்கும். தம் வீட்டுச் சொல்லுக்கு இத்தகைய வரலாறு உண்டு என அறியும் மாணவர் நூலின் மொழியை அயலாகக் கருதமாட்டார்.

செயல்பாடு இவ்வாறு அமையலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கண்டதை ஒரு மாணவர் தம் வீட்டுப் பேச்சிலேயே கூறுகிறார். மற்றவர் அதனைக் கேட்டபடியே தாளின் இடப்பக்கத்தில் எழுதுகின்றனர். வலப்பக்கத்தில் அதனை எழுத்து வழக்கிற்கு மாற்றுகின்றனர். 'வந்துக்கிட்டு இருந்துச்சு' என்பதற்கு எதிரே 'வந்துகொண்டிருந்தது' அமைகிறது. பதினைந்து இருபது தொடர்கள் சேர்ந்தபின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு விதி காணச் செய்வதே இதன் உயிர்ப்பகுதி. 'காற்று' காத்து ஆகிறது, 'நேற்று' நேத்து ஆகிறது, 'சோற்றை' என்பது சோத்தை ஆகிறது. எனவே நூலில் றகரம் இரட்டித்து வருமிடத்தில் பேச்சில் தகரம் இரட்டிக்கிறது. 'படித்தான்' படிச்சான் ஆகிறது, 'வைத்தான்' வச்சான் ஆகிறது. ஆனால் 'கொடுத்தான்' கொடுச்சான் ஆவதில்லை. இகரமும் ஐகாரமும் முன்னிற்கும் வினைகளிலேயே இம்மாற்றம் நிகழ்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதினர் தாமே கண்டுபிடிக்க இயலும். விதிக்கு அடங்காச் சொற்களும் உண்டு: 'சித்தி' சிச்சி ஆவதில்லை. அதனை வகுப்பில் யாரேனும் ஒருவர் சொல்லிச் சிரிக்காமல் இருப்பதும் அரிது. அச்சிரிப்பினிடையே வினைக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடுகிறது.

இவ்விதிகள் வாசிப்புக்கு நேரடியாக உதவுவன. நூலில் 'காற்று' என்பதைக் கண்டு எழுத்துக்கூட்டி நிற்பவர், அது தம் காத்துதான் என்று உணரும் கணத்தில் சொல்லை அடைந்துவிடுகிறார். மயங்கொலிகளுக்கும் இது பொருந்தும். தென்பகுதிப் பேச்சில் 'பழம்' பளம் ஆகிறது. செவியை நம்பி எழுதும் மாணவர் ளகரத்தையே எழுதுவார். அவரது பிழை கவனக்குறைவன்று, கேட்டதை நேர்மையாக எழுதியதே. ஆறாம் வகுப்பின் மயங்கொலிகள் பாடத்தை, 'என் வீட்டில் ஒலிக்காத எழுத்துகள்' என்னும் பட்டியல் தொகுப்பாக நடத்தினால் பிழைதிருத்தம் தண்டனையாகத் தோன்றாது. சௌராட்டிரமோ உருதுவோ பேசும் வீட்டிலிருந்து வருபவர் மூன்றாம் பத்தி ஒன்றைச் சேர்த்துத் தம் வீட்டுச் சொல்லையும் எழுதலாம். அவருக்குத் தமிழின் இரு வழக்கும் கற்ற வழக்கே என்பதை ஆசிரியர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொகுத்தலும் வழங்குதலும்

குழுக்கற்றல் மேலைநாட்டு வரவு என்னும் எண்ணம் ஆசிரியரிடையே உண்டு. பவணந்தியாரின் நன்னூல் பொதுப்பாயிரம் இதற்கு மாறான கணக்கொன்றைத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் புலமையில் கால்பங்கே நிரம்பும்; உடன்பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கருத்து. பிறர்க்கு உரைத்தலே பெரும்பங்கு என்னும் இக்கணக்கு, வழங்குதல் என்னும் படியின் தேவையை எந்தக் கையேட்டினும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்ரூ பெல் சென்னையில் கண்டு நடத்தி இங்கிலாந்தில் பரப்பிய 'மதராசு முறை'யும் மாணவர் மாணவர்க்குக் கற்பிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

நன்னூற் கணக்கில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது: முதற் கால்பங்கு நிரம்பியவரே அடுத்ததற்குச் செல்கிறார். 1984இல் பாலின்சார், பிரவுன் ஆகியோர் அறிமுகப்படுத்திய பரிமாற்றக் கற்பித்தலும் இவ்வாறே. சுருக்குதல், வினவுதல், தெளிவுபடுத்தல், முன்னுணர்தல் என்னும் நான்கு பணிகளை மாணவரே மாறி மாறித் தலைமையேற்றுச் செய்வது அம்முறை. ஏழாம் வகுப்பு மாணவரிடையே அது நற்பயன் தந்தது பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த ஆய்வில் கலந்துகொண்டோர் எழுத்தைச் சரியாக வாசிக்க வல்லவர்கள், பொருளுணர்வதில் மட்டுமே பின்தங்கியவர்கள் என்னும் செய்தி அந்த அளவுக்கு எடுத்துக்காட்டப்படுவதில்லை. வாசிக்கவே தடுமாறுவோரிடம் அதே முறையை அப்படியே நடத்தி அதே பயனை எதிர்பார்ப்பது பொருந்தாது.

இருப்பினும் குழுவில் பணிகளை மாற்றி அமைக்கலாம். எழுதுபவர், வரைபவர், பேசுபவர் எனப் பிரிப்பதற்கு மாற்றாக ஒவ்வொருவருக்கும் ஒரு வாசிப்புப் பணி தரலாம். ஒருவர் பத்தியின் வினைமுற்றுகளை மட்டும் தேடிப் படிப்பார். ஒருவர் ஐயமுள்ள சொல்லைக் காட்டுவார். ஒருவர் விடை பத்தியிலேயே இருக்கும் வினாவையும், மற்றொருவர் விடை பத்தியில் இல்லாத வினாவையும் ஆக்குவார். வழங்குபவர் யார் என்பதை இறுதி நொடியில் ஆசிரியர் குறிப்பிட்டால் அனைவரும் ஆயத்தமாக இருப்பர்.

ஊரே பாடமாகும் இடங்கள்

மதுரையைச் சுற்றி எழுத்து கல்லிலேயே கிடக்கிறது. மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குன்றின் தமிழிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயர் காணப்படுகிறது. கீழக்குயில்குடிச் சமணர்மலை நகருக்கு மிக அருகில் உள்ளது. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டத்தில் அமைந்திருப்பினும் மதுரை மாணவருக்கு அது அண்மையிடமே. இவ்விடங்களுக்குச் செல்லும் கல்விச் சுற்றுலா பெரும்பாலும் ஒளிப்படத்தோடு முடிகிறது. வாசிப்புப் பணியாக மாற்ற ஓர் எளிய வழி, ஒரே பொருளைப் பற்றிய மூன்று எழுத்துகளை ஒப்பிடச் செய்வது. அருங்காட்சியகத்தின் விளக்கப்பலகையையும் நாளிதழ்ச் செய்தியையும் பாடநூற் பகுதியையும் அருகருகே வைத்து, எது உறுதியாகக் கூறுகிறது, எது 'கருதப்படுகிறது' என்கிறது எனத் தேடச் சொல்லலாம். பெருமிதத்திற்கும் சான்றுக்கும் இடையே உள்ள கோட்டை எட்டாம் வகுப்பிலேயே காணப் பழகுவது பிற்கால ஆய்வுக்கும் நல்லது.

பாடநூலுக்கு வெளியே வாசிக்க இன்று வாய்ப்புகள் கூடியுள்ளன. பள்ளிக்கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழ் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பினருக்கானது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பகுத்தது. வகுப்பு எண்ணால் பகுக்காமல் வாசிப்பு நிலையால் பகுத்தமையே இதன் சிறப்பு. எட்டாம் வகுப்பு மாணவர் 'நுழை' நூலைக் கையிலெடுக்க வெட்கமின்றி இடமிருக்கிறது. மதுரை நத்தம் சாலையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவருக்கெனத் தனிப்பகுதி உண்டு. நகர்ப் பள்ளிகளுக்கு அது எட்டும் தொலைவு. பேரையூர்ப் பக்கத்து மாணவருக்கு அது ஒரு நாள் பயணம்.

மதிப்பீட்டின் இடம்

வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பதிவில் என்ன ஏறுகிறது என்பதே வகுப்பில் என்ன நடக்கும் என்பதை முடிவுசெய்கிறது. ஒப்படைப்புத் தாள், படத்தொகுப்பு, மனவரைபடம் ஆகியன கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். பார்வையிட வருபவரிடம் காட்டலாம். ஒரு மாணவர் சூன் மாதத்தில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசித்தார், செப்டம்பரில் எத்தனை என்பது காட்டக்கூடிய பொருளாக எவருக்கும் தோன்றுவதில்லை. ஏசர் ஆய்வுக் கருவி எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்னும் எளிய நான்கு படிகளால் வாசிப்பை அளக்கிறது. அவ்வாய்வின் முடிவுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரே தாளைக் கொண்டு ஓரிரு நிமிடங்களில் ஒருவர் நிலையை அறியும் அந்த எளிமையை ஆசிரியர் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. வேகம் மட்டும் போதாது. தொடரில் நிறுத்துமிடமும் கணக்கில் வரவேண்டும். தமிழில் வினை இறுதியில் நிற்பதால், எச்சத்தில் நிறுத்தாமல் முற்றில் நிறுத்துபவர் பொருளை உணர்ந்து வாசிக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. கொரோனாக் காலத்தில் தொடக்க வகுப்புகளில் இருந்து, பள்ளி மூடியிருந்த மாதங்களைக் கடந்து ஆறாம் வகுப்பிற்கு ஏறிவந்தவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்கெனத் 'திறன்' திட்டம் வந்திருப்பது இவ்விடைவெளியை அரசும் உணர்ந்ததைக் காட்டுகிறது. தனி வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கும்போது அம்மாணவர் வழக்கமான தமிழ் வகுப்பின் கதையையும் செய்யுளையும் இழக்காமல் பார்த்துக்கொள்வது அதன் செயலாக்கத்தில் எழும் முதல் வினா. எழுத்து தெரியாதவருக்கு இலக்கியமும் தேவையில்லை என்றாகிவிடக்கூடாது. கேட்டுப் புரியும் திறன் அவரிடம் முழுமையாக இருக்கிறது.

படைப்பாற்றல் கல்வியின் வரிசையில் குறைதீர் கற்றல், மதிப்பீட்டிற்குப் பின் ஏழாம் படியாக அமைந்தது. பாடம் முடிந்து, படம் வரைந்து, குழு வழங்கி, மதிப்பெண் இட்டபின் வாசிக்கத் தெரியாதவரைத் தேடும் ஏற்பாடு அது. இணை வாசிப்பும் சொற்பகுப்பும் இரண்டாம் படியான படித்தலுக்குள் நுழைக்கப்படுமாயின் குறைதீர் கற்றலின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்ந்துவிடும். அதற்கெனப் பாடக்குறிப்பேட்டில் ஒதுக்கவேண்டியது இருபது நிமிடம். அந்நேரத்தை மனவரைபடத்திற்கு வண்ணம் தீட்டும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.